துவக்குக்கு ஒரு விண்ணப்பம்

பாடசாலையில் வான்சிறப்பைப் படிப்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒரு சிரிப்பைக் கடவாமல் அந்த அதிகாரத்தைக் கடத்தல் அரிது. ‘துப்பு’ என்னும் சொல்லையே திருப்பித் திருப்பி வைத்து வள்ளுவனார் யாத்த குறள் ஒன்று அங்கே உண்டு. அதன் நடுவிலே ‘துப்பாக்கி’ என வருதலும், பின்வாங்கில் இருக்கும் ஒருவன் எழுந்து, “திருவள்ளுவர் காலத்திலையே துவக்கு இருந்ததோ ஐயா?” எனக் கேட்டலும், வகுப்பு முழுதும் நகைத்தலும் ஆண்டுதோறும் தவறாமல் நிகழ்வன. துப்பு என்பது உணவு. துப்பாக்கி என்பது துப்பு ஆக்கி, அஃதாவது உணவை உண்டாக்கி, எனப் பிரித்துக் காட்டி நானும் முப்பது ஆண்டுகளாக அச்சிரிப்பை அடக்கி வருகின்றேன்.

சுடுங் கருவியைக் குறிக்கும் துப்பாக்கி வேறு. அது துருக்கியர் நாவிலே பிறந்து, பிற மொழிகள் சிலவற்றில் தங்கி, இளைப்பாறி, நம்மிடம் வந்து சேர்ந்த சொல் என்பர் சொல்லாராய்ச்சி வல்லார். துமுக்கி என்றொரு வடிவமும் முன்னர் வழங்கிற்று. ஈழத்தவராகிய நமக்கு அது துவக்கு. சிங்கள மக்கள் துவக்குவ என்பர். இரு மொழியாரும் வேறு பலவற்றில் உடன்படாதபோதும் இந்த ஒரு சொல்லில் உடன்பட்டு நிற்றலை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகும். அரச கருமத் தமிழோ இவை யாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சுடுகலன் எனப் புதுச்சொல் ஒன்றை ஆக்கிக்கொண்டது. சொல் நல்ல சொல்லே. ஆயினும், வன்னியில் எந்தக் கமக்காரனும் அயலானைப் பார்த்து, “உன்னட்டைச் சுடுகலன் இருக்கோ?” என்று கேட்டதை நான் அறியேன். படிவத்தில் அச்சொல்லைக் கண்ட என் மனைவியார், “இதென்ன, சோறு சுடச்சுட வைக்கிற ஏனமோ?” என்றார். கலன் என்பதற்குப் பாத்திரம் என்பதே முதற்பொருள் ஆதலின் அவர்மேற் குறைகூறல் ஆகாது.

படிவம் எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தை இனிச் சொல்லவேண்டும். 2024-ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், தமிழ்ப் பண்டிதனாகிய நான், துவக்கு ஒன்றுக்கு உத்தரவுப் பத்திரம் வேண்டி நேரிற் சென்று விண்ணப்பித்தேன்.

“பண்டிதருக்குத் துவக்கு எதற்கு?” என்று கேளாதார் இல்லை. எழுத்தாணியும் ஏடும் ஏந்தவேண்டிய கையில் இஃது என்ன என்றார் உடனாசிரியர் ஒருவர். எனக்கு ஒட்டுசுட்டானுக்கு அப்பால், நெடுங்கேணி செல்லும் தெருவிலிருந்து உள்ளொதுங்கிய ஒரு சிற்றூரிலே 4½ ஏக்கர் வயலும் 1½ ஏக்கர் மேட்டுக்காணியும் உண்டு. தந்தையார் காடு வெட்டித் திருத்திய நிலம். ஒட்டுசுட்டான் என்னும் பெயரே குரக்கன் ஒட்டுக்குத் தீயிட்ட கமக்காரன் ஒருவனது கதையைச் சொல்வது. ஒட்டுச் சுட்ட இடத்திலே தான்தோன்றீசுவரர் வெளிப்பட்டார் என்பது தலவரலாறு. கோயிலின் பெயர்க்கதையிலும் கமமே முன்னிற்கும் ஊர் அது.

இவ்வாறான ஊரிலே பன்றி என்பது விலங்கு மாத்திரம் அன்று. அஃது ஒரு வரி. விளைவில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அறவிட்டுச் செல்லும். நெற்கதிர் பால்பிடிக்கும் பருவத்தை அது எவ்வாறு அறியுமோ தெரியாது, அன்றிரவே வரும். தின்பது சிறிது, உழக்குவது பெரிது. ஒரு கிளை புகுந்து போன பாத்தியில் விடியற்காலையிற் போய் நின்று பார்த்தால், எருமை பூட்டி மிதித்த சேறுபோற் கிடக்கும். கச்சானைப் பற்றிச் சொல்லவே வேண்டா. வரிசை பிடித்துக் கிண்டிக்கொண்டு போகும் நேர்த்தியைக் கண்டால், கூலியாள்கூட அவ்வளவு ஒழுங்காகப் பிடுங்கான் என்று தோன்றும். பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு எனப் பன்றிக்கும் குருவிக்குமே பள்ளுப் பாடி வைத்த நாடு வன்னிநாடு. அப்பாடல்களை நாட்டார் இலக்கியம் என்று தொகுத்துப் படிப்போர், அவை பாடினோர்க்கு வயிற்றுப்பாட்டின் இலக்கியம் என்பதனையும் நினைத்துக்கொள்ளல் நன்று.

காவல் செய்யும் முறைகள் பல. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தினைப்புனம் காக்குந் தலைவியின் கையில் தட்டை, குளிர், தழல் என்னுங் கருவிகளைக் கொடுத்தார். அவை கிளிக்குப் போதும். எங்கள் பக்கத்தில் தகரம் தட்டுவோம், தீ மூட்டுவோம், பரண் கட்டி இரவு முழுதும் கூவுவோம், யானை வந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தார் தரும் யானைவெடியைக் கொளுத்துவோம். நான்கு நாட் கேட்ட ஓசைக்கு ஐந்தாம் நாள் பன்றி அஞ்சுவதில்லை. பகலில் வகுப்பும் இரவில் பரணுமாக ஒரு போகம் கழித்த ஆசிரியன், மாணாக்கனுக்குப் புறநானூற்றை விளக்கும்பொழுது கண் சொருகி நின்ற கதையை என் மாணாக்கரே சொல்வர்.

இனி வேறு முறைகளும் உள. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி வேலியாக்குவது ஒன்று. பழத்துக்குள் வெடிமருந்து வைத்து வாயைச் சிதைக்கும் பன்றிவெடி ஒன்று. பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடித்து, வாய் அழுகி, கிழமைக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். மூன்றாவது கட்டுத்துவக்கு. விலங்கின் தடத்திலே ஆளில்லாமற் காத்திருந்து, இடறிய எதனையும் சுடும் துவக்கு அது. இம்மூன்றும் சட்டத்துக்கு மாறானவை. மூன்றும் வன்னியில் உள்ளன.

மலைபடுகடாத்தைப் படித்தோர்க்கு இஃது புதிதன்று. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லுங் கூத்தர்க்கு வழிசொல்லும் பெருங்கௌசிகனார், அந்த வழியிலே பன்றிக்கு அஞ்சிப் புனங்காவலர் வைத்த கற்பொறிகள் உள. ஆதலால் இருளிற் போகாதீர், விடியும்வரை தங்கிப் போவீர் என்று எச்சரிக்கின்றார். பரண்மேலிருந்து எறியும் கவண்கல் பட்டுவிடாமல் மரத்தின் மறைவிலே ஒதுங்கிச் செல்லும்படியும் சொல்கின்றார். பொருநரும் பாணரும் செல்லும் பாதையில் யானையைக் காட்டிலும் பொறிக்கே அஞ்சவேண்டியிருந்தது போலும். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் அவ்வழியிலேதான் நடக்கின்றோம். வழிகாட்டும் புலவர்தாம் இல்லை.

என்னிடம் தமிழ் படித்த பிள்ளை ஒருவன். பெயர் வேண்டா. 2009-ஆம் ஆண்டு மாசி முதல் வைகாசி வரை, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை நடந்து மீண்டபோது அவனுக்கு வயது ஆறு. ஒரு கீறலும் இல்லாமல் வந்தான் என்று தாய் சொல்வாள். 2021-ஆம் ஆண்டு ஆனியிலே, பாலைப்பழம் பழுத்த காலம், கூட்டாளிகளோடு காட்டுக்குப் போனான். கட்டுத்துவக்கு வெடித்தது. வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பார்க்கப் போன என்னிடம் அந்தத் தாய் அழவில்லை. “இத்தினை வெடிக்குள்ளாலையும் கொண்டுவந்தனான் ஐயா. பண்டிக்கு வைச்ச வெடிக்குக் குடுத்திட்டன்” என்றாள். வைத்தவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். அவரும் கெட்டவர் அல்லர். 2 ஏக்கர் கச்சானை இரண்டு முறை இழந்தவர்.

அன்றே துவக்கு வாங்குவேன் என்று நான் துணிந்துவிடவில்லை. ஆனால், அடுத்த ஆண்டு என் மேட்டுக்காணிக் கச்சான் போன காலையிலே, என் வயலைச் செய்யும் மருமகன் வந்து, “மாமா, இடியன் ஒண்டு மலிவா வருகுது, தடத்திலை கட்டிவிட்டா ஒரு கிழமையிலை அலுவல் முடியும்” என்றான். இடியன் என்பது வாய்வழியே மருந்திடித்து நிரப்பும் உள்ளூர்த் துவக்கு. “கட்டினால் இந்தக் காணியில் நான் கால்வையேன்” என்றேன். “அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?” என்று கேட்டான். அவன் கேள்வி நியாயமானது. வெறுங்கையோடு அவனைத் திருப்பி அனுப்ப எனக்கு உரிமை இல்லை. சட்டப்படி ஒரு வழி உண்டு. அந்த வழியை நான் போய்ப் பார்க்கின்றேன் என்றேன்.

அந்த வழி 1916-ஆம் ஆண்டிலே போடப்பட்டது. அவ்வாண்டின் 33-ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமே இன்றும் இந்நாட்டில் உள்ளது. இடையிடையே திருத்தங்கள் வந்தன. 1996-ஆம் ஆண்டின் திருத்தம் அவற்றுட் பெரிது. 1915-ஆம் ஆண்டுக் கலவரம் அடங்கிய மறு ஆண்டில் வெள்ளைக்கார அரசு இச்சட்டத்தை ஒழுங்குபடுத்திற்று என்பதையும் கருதலாம். இந்தியாவிலோ அதற்கு முன்பே, 1878-ஆம் ஆண்டிலே, லிட்டன் பிரபு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வெள்ளையர்க்கு அச்சட்டம் விலக்களித்தது. இன்றும் குடகு நாட்டுக் கொடவர்க்கு உத்தரவுப் பத்திரம் இன்றியே துவக்கு வைத்திருக்கும் விலக்கு உண்டு. கைல்போது என்னும் விழாவிலே துவக்குக்குப் பூச்சூட்டி வணங்குகின்றனர். யப்பானிலோ, வகுப்பிலிருந்து, தேர்வெழுதி, சுட்டுக் காட்டி, பொலிசார் வீடு வந்து பார்த்து, அதன்பின்னரே ஒருவன் வேட்டைத்துவக்கைத் தொடலாம். நம் நாடு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றது. பயிர்க்காவலுக்கான துவக்குக்கு மாவட்டச் செயலாளரிடம் உத்தரவு பெறல் வேண்டும். உயிர்க்காவலுக்கான துவக்கு பாதுகாப்பு அமைச்சின் பாற்பட்டது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அரசு மீள ஒப்படைக்கச் சொன்னது பின்னையதை. என் விண்ணப்பம் முன்னையதைப் பற்றியது.

கிராம அலுவலர் முதற்படி. அவர் என் பழைய மாணாக்கர். காணியை நடந்து பார்த்து, பன்றி கிண்டிய குழிகளை எண்ணி, உறுதிப்படுத்தி எழுதித் தந்தார். கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம் என அடுத்த படிகள். காணிக்கு உரிய பத்திரம் எங்கே என்றனர். மூலப்பத்திரம் 2009-இல் போயிற்று. மறுபிரதி பெற்று வைத்திருந்தேன். வன்னியில் எந்த விண்ணப்பமும் ‘2009-இல் போயிற்று’ என்னும் ஒரு தொடரில்லாமல் நிறைவுறாது.

ஓர் அலுவலகத்திலே தந்த படிவம் தனிச் சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் வேண்டும் என்றேன். முடிந்துவிட்டது, இதனை நிரப்புங்கள், உதவி செய்கின்றேன் என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் அன்பாகவே சொன்னார். 1987-ஆம் ஆண்டிலே 13-ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று என்று அவருக்குப் பாடம் நடத்த நான் விரும்பவில்லை. அடுத்த கிழமை வருகின்றேன் என்றேன். அடுத்த கிழமையும் வரவில்லை என்றனர். மூன்றாம் முறை போனபோது நிழற்படி எடுத்த தமிழ்ப் படிவம் ஒன்று காத்திருந்தது. மூன்று நாள் விடுப்பும் பேருந்துக் கூலியும் இதற்குச் செலவு. மருமகன் சிரித்தான். “சிங்களத்திலை எழுதினா பண்டி சாகாதோ மாமா?” என்றான். தமிழ் கற்பித்து உண்ணும் சோற்றுக்காக அந்த மூன்று நாளையும் கொடுத்தேன் என்று சொன்னேன். அவனுக்கு விளங்கியதோ தெரியாது.

பொலிஸ் நிலையத்திலே என்னை அமரச் செய்து விசாரித்தவர் முதிய சாஜன் ஒருவர். தமிழ் ஓரளவு பேசினார். சேர் என்றே அழைத்தார்.

“சேருக்கு ஏன் துவக்குவ?”

“துவக்கு, பன்றிக்கு” என்றேன்.

அவர் சொன்ன சொல்லும் நான் சொன்ன சொல்லும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவர் முறுவலித்தார். தம் ஊரும் அநுராதபுரப் பக்கத்தில் ஒரு குளத்துக் கமம் என்றார். தம் தம்பியின் சோளத்தைப் பன்றி தின்றதையும், யானை வந்து சுவரை இடித்து நெல்மூட்டையை இழுத்ததையும் சொன்னார். நாங்கள் இருவரும் கால்மணிநேரம் கமக்காரராயிருந்தோம். பிறகு அவர் கோப்பைத் திறந்தார், சாஜன் ஆனார்.

குடும்பத்தில் எவரேனும் இயக்கத்தில் இருந்தனரா? வழக்கு ஏதும் உண்டா? புனர்வாழ்வு? வெளிநாட்டிலே யார் யார்? இவை அவர் கேட்கவேண்டிய கேள்விகள். துவக்கு என்ற சொல்லை வன்னியில் வாய்விட்டுச் சொன்னாலே அதன் பின்னே முப்பது ஆண்டு வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். பின்னர் கேட்டார்: “முந்தி வீட்டிலை துவக்கு இருந்ததா?”

இருந்தது. என் தந்தையாரிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று முறையான உத்தரவோடு இருந்தது. முல்லைத்தீவு தனி மாவட்டமாவதற்கு முன்னர் எங்கள் பகுதிக்கு வவுனியாவே கச்சேரி. ஆண்டு முடியுமுன் பத்திரத்தைப் புதுப்பிக்க அவர் வெள்ளை வேட்டி உடுத்து, துவக்கைச் சாக்கிலே சுற்றிக்கொண்டு பேருந்தேறிப் போவார். திரும்பும்போது எங்களுக்குத் தோடம்பழம் கொண்டுவருவார். அந்தப் பத்திரத்தை அவர் சாதகக் குறிப்புகளோடு ஒன்றாக வைத்திருந்தார். சன்னம் வீணாகாது, வீணாக வெடி வைக்கவும் மாட்டார். ஆண்டுக்கு நாலோ ஐந்தோ தோட்டா. ஊர்ப் பன்றிக்கு அது போதுமாயிருந்தது.

1985-ஆம் ஆண்டிலே ஓர் இரவு அத்துவக்குப் போயிற்று. அக்காலத்தில் துவக்கு வைத்திருந்த கமக்காரர் பட்ட பாடு தனி ஒரு கதை. ஒரு பக்கத்தாரிடம் ஒப்படைத்தால் மறுபக்கத்தாருக்குப் பகை. மறுபக்கத்தாரிடம் கொடுத்தால் இப்பக்கத்தாருக்குக் குற்றவாளி. வைத்திருந்தாலோ இருபாலார்க்கும் ஐயம். பன்றிக்கு வாங்கிய பொருள் மனிதரின் கணக்கிலே ஏறிவிட்டது.

“எழுதித் தாங்க சேர்” என்று தாளை நீட்டினார். எழுதினேன்: ‘மேற்படி துவக்கு 1985-ஆம் ஆண்டு எமது வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டது.’

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். “கொண்டு… போகப்… பட்டது. யார் கொண்டு போனது?”

இலக்கணம் படிப்பிப்போர் இவ்விடத்திலே சற்று நிற்கலாம். படு என்னும் துணைவினையைச் சேர்த்துச் செயப்பாட்டுவினை ஆக்கினால் வினைமுதலை விட்டுவிடலாம் என்று மாணாக்கர்க்கு நாம் கற்பிக்கின்றோம். எதற்காக விடவேண்டும் என்று கற்பிப்பதில்லை. நம்மூரில் அவ்வினை அச்சத்தின் வினை. இரக்கத்தின் வினையும் ஆகும். கொண்டுபோகப்பட்டது, எரிக்கப்பட்டது, காணாமற் போகச் செய்யப்பட்டார் என்று எத்தனை தாய்மார் எத்தனை அலுவலகங்களில் எழுதிக் கொடுத்தனர்! வினைமுதலைச் சொன்னால் யாருக்கு என்ன நேருமோ என்று நாக்கு முன்னரே அறிந்து வைத்திருக்கிறது. செய்வினையில் எழுது என்று அவர்களுக்கு எந்த ஆசிரியன் சொல்வான்?

“இரவு. முகம் தெரியவில்லை” என்றேன். அது மெய். எனக்கு அப்போது வயது பதினாறு. விளக்கைக் கொளுத்தவேண்டாம் என்றார்கள். வந்தவர்களில் ஒருவனது குரல் என் தந்தையாருக்குத் தெரிந்த குரல். “அப்பு, குறை நினையாதேங்கோ” என்று அக்குரல் சொன்னதை நானுங் கேட்டேன். யாருடைய பிள்ளை என்று பலமுறை கேட்டிருக்கிறேன். தந்தையார் சொன்னதில்லை. அவர் 1998-இல் இறந்தார். அந்தப் பிள்ளை அவருக்கு முன்னே இறந்தானா, பின்னே இறந்தானா, இன்றும் எங்கேனும் இருக்கின்றானா என்று அறிய வழியில்லை.

சாஜன் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பின்னர், ‘முகம் தெரியவில்லை’ என்பதைச் சிங்களத்திலே ஓரத்தில் எழுதிக்கொண்டார். வேறு கேட்கவில்லை.

பேருந்திலே திரும்பும்போது கற்சிலைமடு வரும். 1803-ஆம் ஆண்டு ஐப்பசி 31-ஆம் தேதி கப்டன் வொன் டிறிபேக் பண்டார வன்னியனை அவ்விடத்தே முறியடித்தான் என்று வெள்ளையர் கல் நட்டு எழுதிய இடம் அது. தோற்றவன் பெயரையே அந்நாடு நினைக்கின்றது என்பது வேறு. எனக்கு அன்று தோன்றியது இது: அவ்வாண்டு முதல் இன்றுவரை இந்த வழியே போன துவக்குகளை எண்ணுதல் அரிது. அவற்றுள் பன்றிக்காகப் போனவை மிகச் சில. ஆனால் அந்தச் சிலவற்றுக்கே தாளும் முத்திரையும் சான்றும் வேண்டியிருந்தன. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. லெனாட் வுல்ஃப் 1913-இல் வெளியிட்ட நாவலிலே, காட்டோரச் சிற்றூர் வேடன் சிலிந்து, பொறுக்க முடியாத நாளில், விலங்குக்கு வைத்திருந்த அதே துவக்கால் இரண்டு மனிதரைச் சுடுகின்றான். அம்பாந்தோட்டையில் அரசாங்க அதிபருக்குத் துணையாயிருந்து அந்நாட்டு மக்களைக் கண்டவர் வுல்ஃப். துவக்கைக் கேட்டு வருபவனை ஏற இறங்கப் பார்க்கும் அதிகாரி தன் கடமையையே செய்கின்றார். அவர் பார்க்கட்டும். தமிழிற் பார்த்தால் போதும்.

ஆவணியிலே சாஜன் வீடு பார்க்க வந்தார். எங்கே வைப்பீர்கள் என்றார். என் நூல் அலுமாரியைக் காட்டினேன். உள்ளே நிகண்டும் உரைநூல்களும். அவர் தலையசைத்தார், பூட்டு வலிது அன்று என்றார். அப்பொழுது என் மனைவியார் தேநீரோடு வந்தார். அதுவரை இவ்விடயத்தில் அவர் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

“இந்த வீட்டுக்குள்ளை துவக்கு வாறது எனக்கு விருப்பமில்லை” என்றார், சாஜனையே பார்த்து. “என்ரை தம்பியைத் துவக்கோடை போன படத்திலைதான் கடைசியாப் பாத்தனான்.”

அந்தப் பேச்சு சாஜனுக்கு எவ்வளவு விளங்கிற்றோ! நான் நடுங்கினேன். விண்ணப்பம் அங்கேயே முடிந்தது என எண்ணினேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தாமே திண்ணையில் வைத்தார். “எங்கடை வீட்டிலையும் ஒரு படம் இருக்கு, நோனா” என்றார்.

அவர் போனபின் அன்றிரவு நீண்ட நேரம் பேசினோம். கால் இழந்த பிள்ளையை அவரும் அறிவார். அவனுக்கு மாதந்தோறும் ஏதேனும் அனுப்புவதும் அவரே. தடத்திலே கட்டும் துவக்கு ஆளைப் பாராது; கையிலிருக்கும் துவக்குக்காவது கண் உண்டு என்று நான் சொன்னேன். “கண் இருந்தவையும் சுட்டவைதானே” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. விடியுமுன் அவரே ஒரு முடிவு சொன்னார். துவக்கு வரட்டும். நூல்களோடு வைக்கலாகாது, தனிப்பெட்டி வேண்டும். தோட்டாவுக்கு வேறு பெட்டி; அதன் திறப்பு தம்மிடம் இருக்கும். எந்த இரவிலே எவர் கேட்டாலும் கொடுப்பதா இல்லையா என்பதைத் தாமே தீர்மானிப்பார். மருமகன் இதனைக் கேட்டு முகஞ்சுளித்தான். நான் உடன்பட்டேன். முதிரைப் பலகையில் இரண்டு பெட்டிகள் சொல்லிச் செய்வித்தோம்.

அந்தக் காலபோகம் காவலின்றியே கழிந்தது. ஒரு மூலை போயிற்று. 2025-ஆம் ஆண்டு பங்குனி 15-ஆம் தேதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுதும் கமக்காரர் தத்தம் காணியில் நின்று குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணும்படி அரசு பணித்தது. நானும் தாளும் பேனையுமாக நின்றேன். என் காணியில் மயில் ஏழு. முருகன் ஊர்தியைப் பயிரழிக்கும் பிராணி என்று எழுத வேலை நுனியில் நிறுத்தியதுபோற் கூச்சமாயிருந்தது. ஆயினும் ஏழு என்றே எழுதினேன். பன்றியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. காலை எட்டு மணிக்கு எந்தப் பன்றி வரும்?

யானையைப் பற்றியும் கேட்போர் உண்டு. துவக்கு யானைக்கு அன்று. 1937-ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் காக்கின்றது. 2023-ஆம் ஆண்டிலே மாத்திரம் இந்நாட்டில் நானூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் ஒருவரால் ஒருவர் மாண்டனர். குமுழமுனையில் அரியாத்தை என்னும் பெண் மதயானையைப் பிடித்துக் கட்டினாள் என்று ஒப்பாரி பாடிய நாட்டிலே, இன்று யானையின் உடலிற் சன்னங்கள் காணப்படுகின்றன. மருமகனிடம் இதனை மாத்திரம் கடுமையாகச் சொல்லி வைத்திருக்கின்றேன்.

ஆனியிலே கடிதம் வந்தது. பயிர்க்காவலுக்கென ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று வாங்குவதற்கு இசைவு. கடிதம் தமிழில் இருந்தது, சந்திப்பிழை இரண்டு. புதுத்துவக்கின் விலை ஆசிரியச் சம்பளத்துக்கு அடங்காது. துணுக்காய்ப் பக்கத்திலே முதியவர் ஒருவரிடம், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போனபின், உத்தரவோடு கூடிய பழைய துவக்கு ஒன்று சும்மா இருக்கின்றது. கேட்டபோது, “பண்டிதருக்கெண்டாத் தாறன்” என்றார். கைமாற்றுவதற்கு இருவரும் நேரில் வரவேண்டுமாம். அவருக்கு நடக்க இயலாது. வருகின்ற செவ்வாய்க்கிழமைக்கு முச்சக்கர வண்டி பேசியிருக்கின்றேன்.